விடுதி வரியில் வளர்ந்த கலை: சான் பிரான்சிஸ்கோ, 1961 முதல்

சான் பிரான்சிஸ்கோவில் ஒரு விடுதி அறையின் இரவு வாடகை 200 டாலர் என்றால், தங்குபவர் அதற்கு மேல் 28 டாலர் நகர வரி கட்ட வேண்டும். வரி விகிதம் 14 சதவீதம். அந்த 28 டாலரில் 3 டாலர் நகரத்தின் கலைகளுக்குப் போய்ச் சேர வேண்டும் என்று 2018-இல் அந்நகர வாக்காளர்கள் சட்டமாகவே எழுதி வைத்தார்கள். ஆப்பரா அரங்கமும், சீனப் புத்தாண்டு ஊர்வலமும், நாற்பது பேர் உட்காரும் நாடகக் கூடமும், குடியேறிகளின் நடனப் பள்ளியும் இந்த மூன்று டாலரிலிருந்துதான் பங்கு பெறுகின்றன. அமெரிக்காவில் விடுதி வரியைக் கலைக்குத் திருப்பிவிட்ட நகரங்கள் பல. இந்த ஏற்பாட்டை 1961-லேயே தொடங்கி அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக நடத்திவருவது சான் பிரான்சிஸ்கோ. அதன் ஏற்ற இறக்கங்களும் மற்ற நகரங்களைவிட அங்கே தெளிவாகத் தெரிகின்றன.

கலைக்கு நகரப் பணம் செலவழிக்கும் பழக்கம் அங்கே விடுதி வரியோடு பிறந்ததன்று. 1932 அக்டோபரில் திறக்கப்பட்ட வார் மெமோரியல் ஆப்பரா அரங்கம், அமெரிக்காவில் ஒரு நகரம் தன் சொந்தச் சொத்தாகக் கட்டிக்கொண்ட முதல் ஆப்பரா அரங்கம். பெரும் பொருளாதார மந்தத்தின் நடுவே கதவு திறந்த கட்டடம் அது. மூன்று ஆண்டுகள் கழித்து நகரத்தின் சிம்பொனி இசைக்குழு மூடப்படும் நிலைக்கு வந்தபோது, சொத்து வரியிலிருந்து ஒரு சிறு பங்கை அதற்குத் தர வாக்காளர்கள் ஒப்புக்கொண்டார்கள். 1935-இல் நடந்த அந்த வாக்கெடுப்பு அன்றைய அமெரிக்காவில் அரிய நிகழ்ச்சி. மேல்தட்டு மக்களின் பொழுதுபோக்கு என்று பெயரெடுத்த ஓர் இசைக்குழுவுக்கு வீட்டு வரி கட்டும் சாதாரண மக்கள் கை கொடுத்தார்கள். ஆனால் சொத்து வரியை நம்பிய உதவிக்கு ஒரு வரம்பு உண்டு. பள்ளிக்கூடமும் தீயணைப்பும் தெருவிளக்கும் கேட்கும் அதே பணத்தைத்தான் கலையும் கேட்டாக வேண்டும்.

விடுதி வரி இந்தப் போட்டியிலிருந்து கலையை வெளியே எடுத்தது. சான் பிரான்சிஸ்கோ 1961-இல் இந்த வரியைக் கொண்டுவந்தது. வரியைக் கட்டுபவர் வெளியூர்க்காரர். அவருக்கு அந்த நகரத்தில் வாக்கு இல்லை. வரி கட்டாத உள்ளூர்க்காரருக்கு வாக்கு உண்டு. அரசியல்வாதிக்கு இதைவிட எளிய வரி கிடைக்காது என்பது உண்மைதான். ஆனாலும் அதற்கு ஒரு நியாயமும் சொல்லப்பட்டது. பயணிகள் வருவது நகரத்தின் அழகுக்காகவும் அதன் கேளிக்கைக்காகவும். அவர்கள் தரும் பணத்தில் ஒரு பகுதி அந்த ஈர்ப்பை வளர்க்கவே திரும்ப வேண்டும். ஈர்ப்பு வளர்ந்தால் விடுதிகள் நிரம்பும். விடுதிகள் நிரம்பினால் வரியும் பெருகும். இந்தச் சுழற்சியை விடுதி உரிமையாளர்களும் ஏற்றுக்கொண்டார்கள்.

தொடர்ந்து முப்பது நாள் அல்லது அதற்கு மேல் ஓர் அறையில் தங்குபவருக்கு இந்த வரி இல்லை. மாத வாடகைக்கு விடுதி அறைகளில் வாழ்ந்த ஓய்வுபெற்ற தொழிலாளிகள் அன்றைய சான் பிரான்சிஸ்கோவில் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். வழிப்போக்கரையும் குடியிருப்பவரையும் பிரிக்கும் கோடு அந்த முப்பது நாள்தான்.

வரிப்பணத்திலிருந்து கலைக்கான பங்கைப் பிரித்துக் கொடுத்தது நகரத்தின் தலைமை நிர்வாக அதிகாரியின் அலுவலகம். அந்தக் கணக்குக்கு அன்று வைக்கப்பட்ட பெயர் ‘விளம்பர, பிரசார நிதி’. பெயரே அதன் நோக்கத்தைச் சொல்லிவிடும். ஊர்வலமும் இசை நிகழ்ச்சியும் நகரத்தை வெளியுலகுக்கு விளம்பரப்படுத்துபவை என்ற கணக்கில்தான் பணம் பெற்றன. ‘கிராண்ட்ஸ் ஃபார் தி ஆர்ட்ஸ்’ என்ற இன்றைய பெயர் பின்னால் வந்தது. விளம்பரம் என்று தொடங்கியது கலை மானியம் என்று பெயர் மாறிய அந்தப் பயணத்தில்தான் இந்த நிதியின் வரலாறு அடங்கியிருக்கிறது.

இந்த நிதி மற்ற மானியங்களிலிருந்து ஒரு முக்கியமான விஷயத்தில் வேறுபட்டது. அறக்கட்டளைகள் பெரும்பாலும் புதிய திட்டத்துக்குத்தான் பணம் தரும். ஒரு புதிய நாடகம், ஒரு சிறப்பு விழா, ஓராண்டுப் பயிற்சி என்று ஏதாவது ஒன்றைக் காட்டினால்தான் காசோலை வரும். ஆனால் ஒரு நாடகக் குழுவைக் கவிழ்ப்பது கூடத்தின் வாடகையும், மின் கட்டணமும், கணக்கு எழுதுபவரின் சம்பளமும்தான். விடுதி வரி நிதி அந்தச் செலவுகளுக்கே பணம் கொடுத்தது. ஒரு குழு சில ஆண்டுகளாவது இயங்கியிருக்க வேண்டும், நகரத்துக்குள் பொதுமக்களுக்காக நிகழ்ச்சி நடத்த வேண்டும்; அந்த நிபந்தனைகள் நிறைவேறினால் ஆண்டுதோறும் நடப்புச் செலவுக்கு உதவி வரும். பெரிய நிறுவனங்களுக்குத் தொகை பெரிது, ஆனால் அவற்றின் மொத்தச் செலவில் அது சிறு விழுக்காடு. சின்னக் குழுவுக்குத் தொகை சிறிது, ஆனால் அதன் செலவில் அது கணிசமான பங்கு. 1981 முதல் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இந்த நிதியை நடத்திய கேரி ஷுல்மன் இந்த முறையை விடாமல் காத்தார். விடுதி வரி நிதி செய்த நன்மைகளில் தலையாயது இதுதான்.

ஆரம்ப ஆண்டுகளில் இந்தப் பணம் யாருக்குப் போனது என்பதில் கசப்பு இருந்தது. ஆப்பரா, சிம்பொனி, பாலே ஆகிய மூன்றுக்கும்தான் பெரும்பங்கு. மிஷன், ஹன்டர்ஸ் பாயின்ட், சைனாடவுன் போன்ற பகுதிகளில் வேலை செய்த கலைஞர்கள் நகரத்தின் கணக்கில் வரவே இல்லை. இந்தக் கசப்பு வெளியே வந்தது ஒரு பூங்கா நாடகத்தால். சான் பிரான்சிஸ்கோ மைம் ட்ரூப் பூங்காக்களில் இலவசமாக நாடகம் போடும் குழு. 1965 ஆகஸ்டில் லஃபாயெட் பூங்காவில் அது ஒரு பழைய இத்தாலிய நகைச்சுவை நாடகத்தைப் போட வந்தது. ஆபாசம் என்று சொல்லிப் பூங்கா ஆணையம் அனுமதியை முன்பே ரத்து செய்திருந்தது. குழுவின் தலைவர் ஆர்.ஜி. டேவிஸ் நடிக்கத் தொடங்கியதும் போலீஸ் அவரைக் கைது செய்தது. அடுத்த ஆண்டு, அதாவது 1966-இல், அந்தக் குழுவும் நகரத்தின் மற்ற கலைஞர்களும் சேர்ந்து ‘கலைஞர் விடுதலை முன்னணி’ என்ற அமைப்பை உருவாக்கினார்கள். கலைக்கான நகரப் பணம் ஆப்பரா அரங்கம் நிற்கும் சிவிக் சென்டரின் பெரிய கட்டடங்களைச் சுற்றியே நிற்கக் கூடாது, குடியிருப்புகளுக்கு வர வேண்டும் என்பது அவர்கள் குரல். 1967-இல் நகரத்தின் கலை ஆணையம் ‘அக்கம்பக்கக் கலைத் திட்ட’த்தைத் தொடங்கியதற்கு அந்தக் குரலே பின்புலம்.

அந்தத் திட்டத்திலிருந்து எழுபதுகளில் வட்டாரக் கலை மையங்கள் கிளைத்தன. மிஷன் பகுதியில் லத்தீன் அமெரிக்க மக்களுக்கான கலை மையம் 1977-இல் வந்தது. தென்கிழக்கில் ஆப்பிரிக்க அமெரிக்கர் வாழ்ந்த பேவியூ பகுதியின் ஆப்பரா அரங்கம் 1888-இல் கட்டிய மரக் கட்டடம்; அதுவும் இந்த மையங்களில் ஒன்றானது. கட்டடங்கள் நகரத்துக்குச் சொந்தம், நடத்துவது அந்தந்த வட்டார அமைப்பு, நடப்புச் செலவுக்கு விடுதி வரிப்பணம் என்ற ஏற்பாடு உருவானது. ஒரு காலத்தில் கைதுக்கு ஆளான மைம் ட்ரூப்பும் பின்னால் விடுதி வரி மானியம் பெறும் குழுக்களில் ஒன்றானது.

இதே ஆண்டுகளில் விடுதி வரியின் மேல் மற்றொரு பெரிய சுமையும் ஏறியது. மார்க்கெட் தெருவுக்குத் தெற்கே யெர்பா புவேனா என்ற பகுதியில் மாநாட்டு மையம் கட்ட நகரம் திட்டமிட்டது. அந்த நிலத்தில் இருந்தவை மலிவான மாத வாடகை விடுதிகள். அவற்றில் வாழ்ந்தவர்கள் ஓய்வுபெற்ற மாலுமிகள், துறைமுகத் தொழிலாளிகள், தனியாக வாழ்ந்த முதியவர்கள், பிலிப்பைன்ஸிலிருந்து வந்தவர்கள். அவர்களை வெளியேற்றும் வேலை தொடங்கியபோது, 1969-இல் அவர்கள் சங்கம் அமைத்து நீதிமன்றம் போனார்கள். சங்கத்தின் தலைவர்களில் ஒருவர் ஜார்ஜ் வுல்ஃப் என்ற முதியவர். தொழிற்சங்க அனுபவம் உள்ளவர். வழக்கு நகரத்தின் கையைக் கட்டிப்போட்டது. 1973-இல் சமரசம் ஏற்பட்டது. விடுதி வரியை அரை சதவீதம் கூட்டி, அந்தப் பணத்தில் குறைந்த வாடகை வீடுகள் கட்டித் தர நகரம் ஒப்புக்கொண்டது. அப்படி எழுந்த முதல் கட்டடத்துக்கு ‘வுல்ஃப் இல்லம்’ என்று பெயர் வைத்தார்கள். மாத வாடகை விடுதியில் வாழ்ந்து, வரி விலக்குப் பெற்ற ஒரு கூட்டம், வழிப்போக்கரின் வரியிலிருந்து தனக்கு வீடு பெற்றது. விடுதி வரியின் வரலாற்றில் இதைவிட நியாயமான செலவு வேறு இல்லை.

மாநாட்டு மையமும் கட்டப்பட்டது. 1978 நவம்பரில் சுட்டுக் கொல்லப்பட்ட மேயர் ஜார்ஜ் மொஸ்கோனியின் பெயரில் அது 1981 டிசம்பரில் திறக்கப்பட்டது. கட்டடத்துக்காக வாங்கிய கடனைத் தீர்க்கும் பணம் விடுதி வரியிலிருந்து வந்தது. அன்று முதல் ஒரே வரிப் பெட்டிக்குள் மாநாட்டு மையம், பயணிகளை அழைக்கும் விளம்பரம், குறைந்த வாடகை வீடு, அருங்காட்சியகம், கலைக்குழு எல்லாம் கை நீட்டத் தொடங்கின. கடன் பத்திரத்துக்குத் தவணை கட்டாமல் இருக்க முடியாது. கலை மானியத்தைக் குறைத்தால் வழக்குப் போட யாரும் இல்லை. பெட்டி சுருங்கும்போது முதலில் வெட்டுப்படுவது எது என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

1978 ஜூனில் கலிபோர்னியா வாக்காளர்கள் 13-ஆம் முன்மொழிவை நிறைவேற்றினார்கள். சொத்து வரி, சொத்தின் மதிப்பில் ஒரு சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று அது கட்டிப்போட்டது. மாநிலம் முழுவதும் சொத்து வரி வருமானம் பாதிக்கும் கீழே விழுந்தது. 1935-இல் சிம்பொனியைக் காப்பாற்றிய வழி இனி இல்லை. கலைக்கு நகரம் கொடுக்கக்கூடிய பணம் என்றால் அது விடுதி வரிதான் என்ற நிலை வந்தது.

அந்த 1978-இல்தான் விடுதி வரி நிதியின் ஆதரவில் சான் பிரான்சிஸ்கோ எத்னிக் டான்ஸ் ஃபெஸ்டிவல் தொடங்கியது. ஆப்பராவுக்கும் பாலேவுக்கும் மேடை இருந்தது. பிலிப்பைன்ஸ், மெக்சிகோ, சீனா, ஹவாய், மேற்கு ஆப்பிரிக்கா என்று பல நாட்டு மரபு நடனங்களைச் சான் பிரான்சிஸ்கோவைச் சூழ்ந்த வளைகுடாப் பகுதியில் ஆடிவந்த குழுக்களுக்கோ பள்ளிக்கூட மண்டபமும் கோயில் விழாவும்தான் கதி. பொதுத் தேர்வு நடத்திக் குழுக்களைத் தேர்ந்தெடுத்து, தரமான ஒளியமைப்போடு ஒரு பெரிய அரங்கில் அவர்களை ஏற்றியது இந்த விழா. பரதநாட்டியமும் அந்த மேடைக்கு வந்தது. மைதிலி குமார் 1980-இல் சான் ஹொசே நகரில் தொடங்கிய அபிநயா நடனக் குழு அங்கே ஆடிய குழுக்களில் ஒன்று.

அந்தக் குழுவின் சொந்த ஊரான சான் ஹொசேயும் விடுதி வரியைக் கலைக்குப் பங்கிடும் நகரம்தான். அதன் கணக்கு படிக்கவே தெளிவாக இருக்கும். வரி 10 சதவீதம். அதில் 4 பங்கு நகரத்தின் பொது நிதிக்கு. மிச்சம் 6 பங்கு தனிக் கணக்குக்கு. அந்தக் கணக்கில் பாதி மாநாட்டு மையத்துக்கு, கால்வாசி பயணிகள் விளம்பரத்துக்கு, கால்வாசி கலை மானியத்துக்கு. 200 டாலர் அறைக்கு வரி 20 டாலர். அதில் கலைக்கு 3 டாலர். தமிழ்ப் பெற்றோர் தங்கள் பிள்ளைகளைச் சேர்த்த அபிநயா பள்ளியின் மேடை நிகழ்ச்சிகளுக்கு நகர மானியமாக வந்து சேர்ந்தது இந்தப் பணம்தான்.

எண்பதுகளில் சான் பிரான்சிஸ்கோவில் மறுபடி பழைய கேள்வி எழுந்தது. நிதி சின்னக் குழுக்களுக்கும் கொடுத்தது, ஆனால் முதல் வரிசை மாறவில்லை. வெள்ளையரல்லாத மக்களின் கலைக்குழுக்கள், பெண்களின் குழுக்கள், ஓரினச் சேர்க்கையாளர் குழுக்கள் ஆகியவை தங்களுக்கென்று தனி ஒதுக்கீடு கேட்டன. வாதங்கள் பல ஆண்டு நடந்து, 1993-இல் ‘பண்பாட்டுச் சமநீதி நிதி’ உருவானது. பணம் விடுதி வரியிலிருந்து. பங்கிடுவது கலை ஆணையம். விளம்பரக் கணக்குக்கு இங்கே இடமில்லை. வரலாற்றில் ஒதுக்கப்பட்ட மக்களின் கலை என்பதே உதவிக்குத் தகுதி. முப்பது ஆண்டு முன்பு பூங்காவில் தொடங்கிய சண்டைக்கு இது சட்டத்தில் கிடைத்த பதில்.

வரி விகிதம் படிப்படியாக ஏறி 1996-இல் 14 சதவீதத்தை எட்டியது. அதே ஆண்டு நிறைவேறிய 218-ஆம் முன்மொழிவு கலிபோர்னியா நகரங்களின் கணக்குமுறையையே மாற்றியது. ஒரு வரியைக் குறிப்பிட்ட காரியத்துக்கென்று ஒதுக்கினால் அதற்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். பொதுச் செலவுக்கான வரி என்றால் பாதிக்கு மேல் ஒரு வாக்கு போதும். எனவே நகரங்கள் வரியைப் பொது நிதிக்கு என்று சொல்லி வாங்கிக்கொண்டு, பங்கீட்டை ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் பார்த்துக்கொள்ளத் தலைப்பட்டன. சான் பிரான்சிஸ்கோவிலும் விடுதி வரிக்கும் கலைக்கும் இருந்த முடிச்சு காலப்போக்கில் தளர்ந்தது. 2009 முதல் விடுதி உரிமையாளர்கள் தனிக் கட்டணம் வசூலித்துப் பயணிகள் விளம்பரத்தைத் தாங்களே நடத்த ஆரம்பித்தார்கள். விளம்பரத்துக்குத் தனி வழி கிடைத்துவிட்டது. கலை மட்டும் பொது நிதியின் வாசலில் நின்றது.

நகரமோ அந்த ஆண்டுகளில் மென்பொருள் பணத்தில் மிதந்தது. விடுதி வரி வருமானம் ஏறிக்கொண்டே போனது, கலை மானியம் அதே வேகத்தில் ஏறவில்லை. வாடகை உயர்வு தாங்காமல் நடனக் கூடங்களும் ஓவியர் பட்டறைகளும் ஊரைவிட்டு வெளியேறின. 2016 நவம்பரில் கலைக்கும் வீடற்ற குடும்பங்களுக்கும் சேர்த்து விடுதி வரியில் பங்கு கேட்கும் முன்மொழிவு வாக்கெடுப்புக்கு வந்தது. வாக்களித்தவர்களில் 60 சதவீதத்துக்கு மேற்பட்டோர் ஆதரித்தும், மூன்றில் இரண்டு பங்கு கிடைக்காததால் அது தோற்றது. மனம் தளராமல் 2018 நவம்பரில் கலைக்கு மட்டும் என்று மறுபடி கேட்டார்கள். ‘இ’ என்ற எழுத்திட்ட அந்த முன்மொழிவுக்கு ஏறத்தாழ 75 சதவீத வாக்கு விழுந்தது.

வரியின் அளவை இந்தச் சட்டம் கூட்டவில்லை. இருக்கும் 14 சதவீதத்துக்குள் ஒன்றரை சதவீதத்தைக் கலைக்கு வேலி கட்டிக் கொடுத்தது. ஆரம்ப ஒதுக்கீடு ஆண்டுக்கு 3.2 கோடி டாலர். இதில் பாதிக்குச் சற்று மேல், அதாவது 1.63 கோடி, பழைய கிராண்ட்ஸ் ஃபார் தி ஆர்ட்ஸுக்கு. பண்பாட்டுச் சமநீதி நிதிக்கு 64 லட்சம், வட்டாரக் கலை மையங்களுக்கு 38 லட்சம், பண்பாட்டு வட்டாரங்களுக்கு 30 லட்சம், புதிய தேவைகளுக்கான நிதிக்கு 25 லட்சம். பண்பாட்டு வட்டாரம் என்பது புதிய ஏற்பாடு. ஜப்பான்டவுன், லத்தீன் மக்களின் 24-ஆம் தெரு, யெர்பா புவேனாவை ஒட்டிய பிலிப்பைன்ஸ் மக்களின் பகுதி போன்றவை தங்கள் கடைகளையும் விழாக்களையும் வீடுகளையும் காத்துக்கொள்ள நகரம் தரும் அங்கீகாரம் அது. ஐம்பது ஆண்டு முன் இடிக்கப்பட்ட தெருக்களின் பேரப்பிள்ளைகள் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள்.

மற்ற நகரங்கள் வேறு வேறு அளவில் இதையே செய்தன. லாஸ் ஏஞ்சலஸின் வரியும் 14 சதவீதம். அதில் ஒரு சதவீதம், அதாவது 200 டாலர் அறைக்கு 2 டாலர், நகரப் பண்பாட்டுத் துறைக்கு. சான் டியேகோவின் அனுபவம் எச்சரிக்கையாகக் கொள்ளத்தக்கது. அங்கே வரி 10.5 சதவீதமாக இருந்தபோது, 2012-இல், அதில் ஒரு சதவீதத்தைக் கலைக்குத் தருவோம் என்று நகரசபை கொள்கை வகுத்தது. மொத்த வரியில் 9.52 சதவீதம் என்று இலக்கும் குறித்தது. ஆனால் அது கொள்கைதான், சட்டமன்று. ஐந்தாண்டில் எட்ட வேண்டிய இலக்கு எட்டப்படவில்லை. பற்றாக்குறை வந்த ஆண்டுகளில் பங்கு பின்னோக்கியும் போனது.

டெக்சஸில் மாநிலச் சட்டமே எல்லை வகுக்கிறது. நகர விடுதி வரியில் செலவாகும் ஒவ்வொரு டாலரும் பயணிகள் வருகையையும் விடுதித் தொழிலையும் நேரடியாக வளர்க்க வேண்டும். சட்டம் பட்டியலிட்ட காரியங்களில் ஒன்றாகவும் இருக்க வேண்டும். கலை அந்தப் பட்டியலில் உண்டு. பெரும்பாலான நகரங்களுக்கு அதன் உச்சவரம்பு 15 சதவீதம். ஹூஸ்டனுக்கு மட்டும் 19.3 சதவீதம். அங்கே நகர வரி 7 சதவீதம் என்பதால் 200 டாலர் அறையிலிருந்து கலைக்கு 2 டாலர் 70 சென்ட் வருகிறது. தொகை சான் பிரான்சிஸ்கோவுக்கு அருகில்தான் இருக்கிறது, ஆனால் மனப்போக்கு வேறு. தன் தெருப் பிள்ளைகளுக்கு மட்டும் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் ஒரு குழு, வெளியூர்க்காரர் ஒருவரையாவது அது இழுக்கிறது என்று டெக்சஸில் காட்டியாக வேண்டும். சான் பிரான்சிஸ்கோ 1961-இல் நின்ற இடம் அது. 1993-இல் அதைத் தாண்டிவிட்டது.

யாரிடமிருந்து வரி வாங்குவது என்பதும் இணையம் வந்த பிறகு சிக்கலானது. பயண இணையதளங்கள் அறையை விடுதியிடம் குறைந்த விலைக்குப் பெற்று, கூடுதல் விலைக்குப் பயணியிடம் விற்றன. வரி எந்த விலைக்கு? கலிபோர்னிய நகரங்கள் பல ஆண்டு வழக்காடின. சான் டியேகோ தொடுத்த வழக்கில் 2016 டிசம்பரில் மாநில உச்ச நீதிமன்றம் இணையதளங்களுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. அவை வைத்துக்கொள்ளும் லாபத்துக்கு வரி இல்லை. ஆனால் வீட்டு அறைகளை நாள் வாடகைக்கு விடும் தொழிலில் சான் பிரான்சிஸ்கோ நகரம் வென்றது. அந்தத் தொழிலை உலகெங்கும் பரப்பிய ஏர்பிஎன்பி நிறுவனம் சான் பிரான்சிஸ்கோவிலேயே பிறந்தது. அப்படி விடும் அறைகளுக்கும் விடுதி வரி உண்டு என்று நகரப் பொருளாளர் 2012-இல் அறிவித்தார். 2014 அக்டோபரிலிருந்து அந்நிறுவனம் வரியை வசூலித்து நகரத்துக்குக் கட்டத் தொடங்கியது.

இந்த வரியின் பலவீனம் அதன் பலத்திலேயே இருக்கிறது. உள்ளூர்க்காரர் கட்டாத வரி என்பதால் அது எளிதில் பிறந்தது. வெளியூர்க்காரர் வராவிட்டால் அது ஒரே மாதத்தில் நின்றும் போகும். 1989 நிலநடுக்கத்துக்குப் பிறகும், 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகும் விடுதிகள் காலியாகி, வரி வீழ்ந்தது. 2020-இல் வந்த கொள்ளைநோய் முன்பு காணாத அடி. அதற்கு முன் ஆண்டுக்கு ஏறத்தாழ 40 கோடி டாலர் வந்த விடுதி வரி, 2020-21 நிதியாண்டில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகச் சுருங்கியது. அரங்குகள் மூடிக் கிடந்த, கலைஞர்களுக்கு உதவி அதிகம் தேவைப்பட்ட அதே மாதங்களில் உதவியின் ஊற்றும் வற்றியது.

2018 சட்டத்தை எழுதியவர்கள் இதை ஓரளவு முன்பே எண்ணியிருந்தார்கள். வரி எவ்வளவு ஏறினாலும் இறங்கினாலும், கலை ஒதுக்கீடு ஓர் ஆண்டில் பத்து சதவீதத்துக்கு மேல் கூடவோ குறையவோ கூடாது என்பது அதில் உள்ள விதி. செழிப்பான ஆண்டில் கலைஞர்களுக்குக் கிடைக்கக்கூடிய கூடுதலை அது தடுக்கும். வறண்ட ஆண்டில் அவர்களின் கூரை சரியாமல் பிடித்துக்கொள்ளும். சான் டியேகோவின் கொள்கைத் தீர்மானத்தில் இப்படி ஒரு விதி இல்லை. சான் பிரான்சிஸ்கோவின் பழைய விளம்பர நிதியிலும் இல்லை. வாக்காளர் எழுதிய சட்டம் என்பதால், பத்து சதவீத விதியை நகரசபை தன் விருப்பத்துக்கு நீக்கிவிட முடியாது.